எபிசோடு லீக் ஆவது எப்படி, அடி விழுவது யாருக்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பெரிய தொடரின் எபிசோடு முன்கூட்டியே வெளியே வந்துவிட்டது என்று செய்தி வரும்போதெல்லாம் நண்பர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். பேச்சு பெரும்பாலும் அமெரிக்காவின் ஹெச்பிஓ சேனலில் வந்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' பற்றித்தான் இருக்கும். 2011 முதல் 2019 வரை எட்டு சீசன், 73 எபிசோடு. இத்தனை விதமாக லீக் ஆன தொடர் வேறொன்று எனக்குத் தெரிந்து இல்லை. இந்தியாவிலிருந்தே ஒருமுறை லீக் ஆனது என்பதும் ஒரு காரணம்.

லீக்கும் பைரசியும் ஒன்றுதானே?

இல்லை. ஒளிபரப்பான பிறகு யாரோ பதிவு செய்து டாரண்டிலோ டெலிகிராமிலோ போடுவது பைரசி. அது ஒவ்வொரு வாரமும் நடக்கிறது, கம்பெனிகளும் ஓரளவு கணக்குப் போட்டே வைத்திருக்கின்றன. ஒளிபரப்புக்கு முன்பே வெளியே வந்தால் அது லீக். பந்தி போடும் முன் அடுப்படியிலிருந்தே பாயசம் தெருவுக்குப் போன கதை. லீக் ஆனது சில மணி நேரத்தில் பைரசியில் போய்ச் சேர்ந்துவிடும் என்பதால் இரண்டையும் ஒன்றாகவே பேசிப் பழகிவிட்டோம்.

ஒளிபரப்பாகாத எபிசோடு வெளியே வருவது எப்படி? ஹேக்கர் வேலையா?

பெரும்பாலும் கிடையாது. எல்லாருக்கும் முதலில் ஹேக்கர்தான் ஞாபகம் வரும். முகமூடி, கறுப்புத் திரை, பச்சை எழுத்து. ஆனால் உண்மையில் எபிசோடு கசிவது அதைத் தொட்டு வேலை செய்யும் கைகள் வழியாகத்தான்.

ஒரு எபிசோடு எடிட் முடிந்ததும் எத்தனை இடத்துக்குப் போகிறது என்று பாருங்கள். ஒலிக்கலவை செய்யும் ஸ்டூடியோ, ஒவ்வொரு மொழிக்கும் சப்டைட்டில் எழுதுகிறவர்கள், டப்பிங் கம்பெனிகள், புரோமோ வெட்டுகிறவர்கள், ஒவ்வொரு நாட்டிலும் உரிமை வாங்கிய சேனல், அந்த சேனலுக்காகக் கோப்புகளைப் பராமரிக்கும் இன்னொரு கம்பெனி, விமர்சனம் எழுதுகிற பத்திரிகையாளர்கள். உலகம் முழுக்க ஒரே நேரத்தில் வெளியிட வேண்டும் என்றால் இத்தனை பேரிடமும் முன்கூட்டியே கொடுத்துத்தான் ஆக வேண்டும். இதில் எங்கே ஓட்டை விழுந்தாலும் போச்சு.

2015 ஏப்ரலில் ஐந்தாவது சீசன் தொடங்குவதற்கு முந்தைய நாள், முதல் நான்கு எபிசோடுகளும் மொத்தமாக டாரண்டில் வந்தன. அவை விமர்சகர்களுக்கு அனுப்பப்பட்ட டிவிடியிலிருந்து எடுக்கப்பட்டவை. படம் 480பி என்ற குறைந்த தரம்தான், யாருடைய பிரதி என்று காட்டும் வாட்டர்மார்க் இருந்த இடத்தை மங்கலாக்கியிருந்தார்கள்.

2017 ஆகஸ்டில் ஹெச்பிஓவின் ஸ்பெயின் கிளை, ஏழாவது சீசனின் ஆறாவது எபிசோடை நான்கைந்து நாள் முன்னதாகத் தானே வெளியிட்டுவிட்டு, கொஞ்ச நேரத்தில் பதறி எடுத்தது. அதற்குள் பதிவு செய்ய வேண்டியவர்கள் செய்துவிட்டார்கள். 2019-ல் கடைசி சீசனின் முதல் எபிசோடை அமெரிக்காவின் டைரக்ட்டிவி நவ் என்ற ஸ்ட்ரீமிங் சேவை சில மணி நேரம் முன்னதாகத் திறந்துவிட்டது. அடுத்த வாரமே ஜெர்மனியில் அமேசான் அதே தவறைச் செய்தது. இதில் எல்லாம் திருடனே கிடையாது. யாரோ ஒருவர் தேதியைத் தப்பாகப் போட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

2022 அக்டோபரில் அதன் முன்கதைத் தொடரான 'ஹவுஸ் ஆஃப் த டிராகன்' முதல் சீசனின் கடைசி எபிசோடு இரண்டு நாள் முன்னால் வந்தது. ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கா பகுதியிலுள்ள ஒரு விநியோகப் பங்காளியிடமிருந்து கசிந்ததாக ஹெச்பிஓ சொன்னது. 2024 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸின் முறை. 'ஆர்கேன்' இரண்டாவது சீசன், சில அனிமே தொடர்கள் என்று ஒரு கட்டாகவே வெளியேறின. டப்பிங், சப்டைட்டில் வேலை பார்க்கும் இயுனோ என்ற கம்பெனி, தங்கள் பக்கம்தான் பாதுகாப்பு உடைந்தது என்று ஒப்புக்கொண்டது.

2017-ல் இந்தியாவிலிருந்து லீக் ஆனதே, அது என்ன கதை?

ஏழாவது சீசனின் நான்காவது எபிசோடு, ஆகஸ்ட் 6 ஞாயிறு இரவு அமெரிக்காவில் வர வேண்டியது. நமக்குத் திங்கள் காலை ஆறரை மணி. வெள்ளிக்கிழமையே இணையத்தில் வந்துவிட்டது.

அந்தக் கோப்பை ஒரு நண்பர் என் கண்முன்னாலேயே போனில் ஓட்டினார். மங்கலான படம், மேலே இங்கே தொடரின் உரிமை வைத்திருந்த ஸ்டார் இந்தியாவின் முத்திரை, 'உள் பார்வைக்கு மட்டும்' என்ற பொருளில் ஒரு வாசகம். அந்த சீசனின் மிகப் பெரிய சண்டைக் காட்சி அதில்தான் வருகிறது. கதை நாயகிகளில் ஒருவரான டெனெரிஸ் டிராகன் மேல் வந்து, எதிரிகளான லானிஸ்டர் படையின் வண்டி வரிசையைக் கொளுத்துகிற காட்சி. அத்தனை பேர் உழைத்து எடுத்த நெருப்பு, ஐந்து அங்குலத் திரையில் ஆரஞ்சு நிறக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. நான் பாதியில் எழுந்து போனேன். ஒழுக்கசீலன் என்று நினைக்க வேண்டாம், எரிச்சல்தான் காரணம்.

முத்திரை இருந்ததால் விசாரணைக்கு வழி சுலபமாகத் தெரிந்தது. போலீசில் புகார் ஆனது. மகாராஷ்டிர சைபர் போலீஸ் ஆகஸ்ட் பாதிக்குள் நான்கு பேரைக் கைது செய்தது. ஸ்டாரின் ஸ்ட்ரீமிங் செயலியான ஹாட்ஸ்டாருக்காகக் கோப்புகளைக் கையாண்ட ஒரு தொழில்நுட்ப கம்பெனியின் ஊழியர்கள் மூன்று பேர், முன்னாள் ஊழியர் ஒருவர். உள்ளே நுழையும் அனுமதி அவர்கள் வேலைக்காகவே கொடுக்கப்பட்டது. பூட்டை உடைக்கவே தேவையில்லை.

அந்த வாரம்தான் ஹெச்பிஓ ஹேக் ஆன செய்தியும் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் இந்த எபிசோடையும் ஹேக்கர்கள்தான் விட்டார்கள் என்று இன்றுவரை நிறைய பேர் நம்புகிறார்கள். இரண்டும் வேறு வேறு.

அப்படியானால் ஹேக்கர்கள் செய்தது என்ன?

ஹெச்பிஓவிடமிருந்து 1.5 டெராபைட் தகவல் எடுத்ததாகச் சொல்லிக்கொண்டு, 'மிஸ்டர் ஸ்மித்' என்ற பெயரில் பிட்காயினில் பல லட்சம் டாலர் கேட்டார்கள். வேறு சில தொடர்களின் ஒளிபரப்பாகாத எபிசோடுகளும், கேம் ஆஃப் த்ரோன்ஸ் திரைக்கதைச் சுருக்கங்களும் வந்தன. 2017 நவம்பரில் ஈரானைச் சேர்ந்த ஒருவர் மேல் அமெரிக்கா குற்றம் சாட்டியது.

இதைவிட எனக்கு மனதில் நிற்பது லார்சன் ஸ்டூடியோஸ் கதை. ஹாலிவுட்டில் ஒரு கணவன் மனைவி நடத்திய படப்பிடிப்புக்குப் பிந்தைய ஒலி வேலை செய்யும் கம்பெனி. 2016 கிறிஸ்துமஸ் சமயத்தில் 'டார்க் ஓவர்லார்ட்' என்று தங்களை அழைத்துக்கொண்ட கும்பல் உள்ளே நுழைந்தது. நெட்ஃபிளிக்ஸ்தான் குறி என்றுகூட இல்லை. பழைய விண்டோஸ் ஓடும் கம்ப்யூட்டர் எங்கே இணையத்தில் திறந்து கிடக்கிறது என்று தேடிக்கொண்டு வந்தவர்களுக்கு இங்கே ஒரு விண்டோஸ் 7 பெட்டி அகப்பட்டது. உள்ளே பார்த்தால் 'ஆரஞ்ச் இஸ் த நியூ பிளாக்' ஐந்தாவது சீசன்.

ஸ்டூடியோக்காரர்கள் 50 பிட்காயின் கொடுத்தார்கள், அன்றைய மதிப்பில் சுமார் 50,000 டாலர். கொடுத்தும் புண்ணியமில்லை. போலீசுக்குப் போனார்கள் என்று காரணம் சொல்லி, 2017 ஏப்ரல் கடைசியில் 13-ல் 10 எபிசோடை அந்தக் கும்பல் வெளியிட்டது. நெட்ஃபிளிக்ஸிடமும் கேட்டிருந்தார்கள், நெட்ஃபிளிக்ஸ் தரவில்லை. தொடர் குறித்த தேதியான ஜூன் 9-லேயே வந்தது, அடுத்த சீசன்களும் வந்தன. அந்தச் சின்ன ஸ்டூடியோவுக்கோ காசும் போனது, வாடிக்கையாளர்களிடம் பெயரும் போனது.

சரி, லீக் ஆனதால் பார்வையாளர் எண்ணிக்கை குறைந்ததா?

பெரிய தொடர்களில் குறைந்ததாக எண்கள் காட்டவில்லை. 2017-ல் லீக் ஆன அந்த நான்காவது எபிசோடை அமெரிக்காவில் ஹெச்பிஓ சேனலில் மட்டும் 1.02 கோடி பேர் பார்த்தார்கள். அதுவரை அந்தத் தொடரின் எந்த எபிசோடும் தொடாத எண் அது. ஸ்பெயின் கிளை தவறவிட்ட ஆறாவது எபிசோடுக்கும் ஒரு கோடிக்கு மேல்தான்.

2015 இன்னும் சுவாரசியமானது, ஏனென்றால் நான்கு எபிசோடு ஒன்றாக லீக் ஆனது. முதல் எபிசோடுக்கு 80 லட்சம் பேர் வந்தார்கள். அதுவும் அன்றைய சாதனை. அடுத்த மூன்றுக்கு 67, 68 லட்சம் என்று இறங்கியது. 'பார்த்தாயா, லீக் தின்றுவிட்டது' என்று சொல்லத் தோன்றும். ஆனால் லீக் ஆகாத ஐந்தாவது எபிசோடுக்கு 65.6 லட்சம், அதுவும் லீக் ஆகாத ஏழாவதுக்கு 54 லட்சம்தான். அந்த ஏழாவது, அமெரிக்காவில் நீண்ட விடுமுறை வார இறுதியில் வந்தது. லீக் செய்த சேதத்தைவிட ஒரு விடுமுறை செய்த சேதம் அதிகம். சீசன் கடைசி எபிசோடு திரும்ப 81 லட்சத்தில் முடிந்தது.

இதை வைத்து லீக்கால் எந்த நஷ்டமும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. லீக் இல்லாதிருந்தால் எண் இன்னும் எவ்வளவு ஏறியிருக்கும் என்பதை யாராலும் அளக்க முடியாதே.

அப்போ பைரசி இலவச விளம்பரம் என்கிறார்களே, சரிதானா?

அப்படிச் சொன்னவர்களில் பெரிய ஆட்களும் உண்டு. அப்போது ஹெச்பிஓவின் தாய்க் கம்பெனியாக இருந்த டைம் வார்னரின் தலைவர் ஜெஃப் ப்யூக்ஸ், 2013-ல் உலகிலேயே அதிகம் திருடப்படும் தொடர் என்ற பெயர் எம்மி விருதைவிடப் பெரிது என்ற பொருளில் பேசினார். டாரண்ட் பதிவிறக்கங்களைக் கணக்கெடுக்கும் டாரண்ட்ஃபிரீக் தளத்தின் பட்டியலில் 2012 முதல் 2017 வரை ஒவ்வொரு ஆண்டும் அந்தத் தொடர்தான் முதலிடம். 'பிரேக்கிங் பேட்' உருவாக்கிய வின்ஸ் கில்லிகனும், திருட்டுத்தனமாகப் பார்த்ததால் தொடர் நிறைய பேருக்கு அறிமுகமானது என்று ஒப்புக்கொண்டார், வருமானம் போனதையும் சேர்த்தேதான் சொன்னார்.

ஆனால் இவர்கள் எல்லாரும் ஜெயித்தவர்கள். வயிறு நிறைந்தவன் சொல்லும் பசிக் கணக்கு அது. 'ஹானிபல்' என்று ஒரு தொடர், என்பிசியில் 2013 முதல் 2015 வரை மூன்று சீசன் ஓடியது. விமர்சகர்களுக்குப் பிடித்தது, டிவியில் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் திருட்டில் பார்த்தவர்கள் நிறைய. அதன் தயாரிப்பாளர் மார்த்தா டி லாரன்டிஸ், பார்வையாளர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு திருட்டுத் தளங்களிலிருந்து வந்ததாகவும், தொடர் நிறுத்தப்பட்டதில் அதற்கும் பங்குண்டு என்றும் எழுதினார். பைரசி மட்டுமே காரணம் என்று அவரும் சொல்லவில்லை. ஆனால் விளம்பர வருமானத்தில் ஓடும் சேனலில், நூலிழையில் தொங்கும் தொடருக்கு அந்த மூன்றில் ஒரு பங்கு உயிர்.

என் கணக்கு இதுதான்: பெரிய தொடர் லீக்கைத் தாங்கும், சின்னத் தொடர் தாங்காது. பெரிய தொடரிலேயே கூட, அடி வாங்குவது தொடர் கிடையாது. லார்சன் மாதிரி ஒப்பந்த வேலை செய்கிறவர்கள்தான். ஒரு லீக்குக்குப் பிறகு அத்தனை டப்பிங், சப்டைட்டில் ஆட்களுக்கும் கெடுபிடி கூடும். முகம் தெரியாத அளவு மங்கலாக்கிய படத்தை, குறுக்கே பெரிய எழுத்தோடு கொடுத்து, இதைப் பார்த்து வசனம் எழுது என்பார்கள். நடிகர் எந்த உணர்ச்சியில் பேசுகிறார் என்றே தெரியாமல் மொழிபெயர்த்தால் வசனம் எப்படி வரும்? சப்டைட்டில் மட்டம் என்று நாம் திட்டுவோம்.

விமர்சகர்களுக்கும் அப்படித்தான். 2016-ல் ஆறாவது சீசனிலிருந்து ஹெச்பிஓ முன்கூட்டிய பிரதிகளை அனுப்புவதையே நிறுத்தியது. நிதானமாகப் பார்த்து எழுதி வந்தவர்கள், ஒளிபரப்பாகும்போதே பார்த்து ராத்திரியோடு ராத்திரியாக எழுதித் தள்ள வேண்டிய நிலை.

காசு கொடுக்க மனமில்லாததால்தானே ஜனங்கள் திருட்டில் பார்க்கிறார்கள்?

சிலர் அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் கடை திறக்காமலே வாடிக்கையாளனைத் திட்டிய காலம் ஒன்று இருந்தது. இந்தத் தொடரின் ஆரம்ப ஆண்டுகளில் நம் டிவியில் தாமதமாக, வெட்டி ஒட்டி வந்தது. 2016-ல் ஹாட்ஸ்டார் மாதச் சந்தாவுக்கு, அமெரிக்காவில் ஓடும் அதே நேரத்தில், வெட்டாமல் கொடுத்தது. திங்கள் காலை ஆறரைக்கு அலாரம் வைத்து எழுந்து, பல் துலக்காமல் பார்த்துவிட்டு ஆபீசுக்கு ஓடியவர்களில் நானும் ஒருவன். அதுவரை டாரண்டே கதி என்றிருந்த என் நண்பர்களில் பாதிப் பேர் அந்த ஆண்டு காசு கட்டினார்கள்.

காசு கட்டியவர்களுக்கும் சில நேரம் பட்டை நாமம்தான். 2014-ல் நான்காவது சீசன் தொடங்கிய இரவு 'ஹெச்பிஓ கோ' என்ற அதன் இணையச் சேவை படுத்துக்கொண்டது. 2017-ல் ஏழாவது சீசன் தொடங்கியபோது ஆஸ்திரேலியாவில் ஃபாக்ஸ்டெல் செயலி முடங்கியது. நம் ஊரில் 2023 மார்ச் 31-ஓடு ஹெச்பிஓ தொடர்கள் ஹாட்ஸ்டாரிலிருந்து போய், ஜியோசினிமாவுக்கு வந்து சேர மே மாதம் ஆனது. இடையில் காசை நீட்டினாலும் வாங்கிக்கொள்ள ஆளில்லை. டெலிகிராம் மட்டும் லீவு போடவில்லை.

ஆனாலும் ஒன்று: 2019-ல் கடைசி சீசனின் முதல் எபிசோடை 24 மணி நேரத்தில் சுமார் 5.4 கோடி தடவை திருட்டில் பார்த்ததாக மியூசோ என்ற பிரிட்டிஷ் கண்காணிப்பு கம்பெனி கணக்குச் சொன்னது. நாடுகளில் முதலிடம் இந்தியா. ஹாட்ஸ்டாரில் அதே நேரம் அதே எபிசோடு இருந்தது. ஆகவே 'கிடைக்கவில்லை' என்ற சாக்கும் முழு உண்மை கிடையாது.

கசிந்தது யாரிடமிருந்து என்று கண்டுபிடிப்பது எப்படி?

வாட்டர்மார்க் இரண்டு வகை. ஒன்று கண்ணுக்குத் தெரிவது, கம்பெனி பெயர், எண், ஓடும் நேரம் போன்றவை. இதை மறைக்கலாம், வெட்டலாம். இன்னொன்று படத்துக்குள்ளேயே புதைத்திருப்பது. ஒவ்வொருவருக்கும் போகும் பிரதியில் கண்ணுக்குத் தெரியாத சிறு மாற்றங்கள் இருக்கும். லீக் ஆன கோப்பை மென்பொருளில் போட்டால் இது இன்னாருக்கு அனுப்பிய பிரதி என்று சொல்லிவிடும். போனில் திரையைப் படம் பிடித்துப் போட்டால்கூடப் பல சமயம் அந்த அடையாளம் தப்பிப் பிழைக்கும்.

எபிசோடு கசியாமல் கதை மட்டும் கசிந்தால்?

என்னைக் கேட்டால் ரசிகனுக்கு அதுதான் பெரிய நஷ்டம். மங்கல் படத்தைப் பார்க்காமல் இருக்கலாம், 'இன்னார் சாகிறார்' என்ற ஒற்றை வரியைப் படிக்காமல் தப்பிப்பது கஷ்டம். கடைசி சீசனின் கதை முக்கால்வாசி ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தில் ஒளிபரப்புக்கு முன்பே கிடந்தது. பல முடிவுகளை எடுத்து வைப்போம் என்று ஹெச்பிஓ அதிகாரி 2017-லேயே சொன்னார், படப்பிடிப்புத் தளத்தின் மேல் பறக்கும் டிரோன்களை இறக்கக் கருவி வைத்திருந்ததாக அதில் நடித்த சோஃபி டர்னர் சொன்னார். அத்தனையும் செய்தும் இதுதான் நிலை.

பிபிசியின் 'டாக்டர் ஹூ'வுக்கு 2014-ல் இதே கதி. மயாமி அலுவலகத்திலிருந்து ஐந்து திரைக்கதைகள் கசிந்தன, கூடவே முதல் எபிசோடின் கறுப்பு வெள்ளைப் பிரதி. பிபிசி ரசிகர்களிடம், தெரிந்தாலும் வெளியே சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது.

டவுன்லோடு செய்தால் ஜெயிலா?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 63-வது பிரிவுப்படி, தெரிந்தே உரிமையை மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வெறுமனே பார்ப்பது மட்டும் அந்தக் குற்றமாகாது என்று 2016-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் டாரண்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நீங்கள் இறக்கும்போதே, இறங்கிய துண்டுகள் உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து மற்றவர்களுக்கும் போய்க்கொண்டிருக்கும். அப்போது நீங்கள் விநியோகஸ்தர். ஜெர்மனியில் இருக்கும் நம் ஆட்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே வக்கீல் நோட்டீஸ் வீட்டுக்கே வரும், பல நூறு யூரோ கட்டச் சொல்லி.

நம் நீதிமன்றங்களில் முகம் தெரியாத திருடனுக்கு ஒரு பெயர் உண்டு: அசோக் குமார். அமெரிக்காவில் ஜான் டோ என்பார்களே, அதற்கு நம் ஊர்ப் பதில். 2012-ல் '3' படத்துக்காக சென்னை உயர் நீதிமன்றம் அப்படி ஓர் ஆணை பிறப்பிக்க, இணைய இணைப்பு தரும் கம்பெனிகள் விமியோ, டெய்லிமோஷன் போன்ற வீடியோ தளங்களையே முழுசாக மூடிவிட்டன. கொசுவுக்குப் பயந்து வீட்டுக் கதவையே செங்கல் வைத்து அடைத்த மாதிரி. குறிப்பிட்ட முகவரிகளை மட்டும்தான் தடுக்க வேண்டும் என்று நீதிமன்றமே அடுத்த மாதம் விளக்க வேண்டியிருந்தது.

திருட்டுக் கோப்பில் வைரஸ் வரும் என்பது பூச்சாண்டியா?

இல்லை. 2018-ல் தொடர்களின் பெயரில் சுற்றிய வைரஸ் கோப்புகளை வைரஸ் தடுப்பு கம்பெனியான காஸ்பர்ஸ்கி ஆராய்ந்தபோது 17 சதவீதம் கேம் ஆஃப் த்ரோன்ஸ் பெயரில் இருந்தன. வேடிக்கை என்னவென்றால் அந்த ஆண்டு புது எபிசோடே வரவில்லை.

நம் பிக் பாஸ் எவிக்‌ஷன் சனிக்கிழமையே தெரிந்துவிடுகிறதே, அதுவும் லீக்தானா?

லீக்தான், ஆனால் கோப்பு எதுவும் கசியவில்லை. வார இறுதி நிகழ்ச்சியை பார்வையாளர்களை உட்கார வைத்து முன்கூட்டியே எடுக்கிறார்கள். போனை வாங்கி வைத்துக்கொள்ளலாம், வாயை வாங்கி வைக்க முடியுமா? அரங்கத்தை விட்டு வெளியே வந்த முதல் ஆள் தன் மச்சானுக்குப் போன் போட்டால் முடிந்தது. எங்கள் வீட்டில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. சனிக்கிழமை மதியத்திலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவை மியூட்டில் போட்டுவிடுவேன். அத்தை மட்டும் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போவார்.